நான் மாற்றாமல் விட்ட டம்மி வரி

போன மாதம் சேலையூரில் அந்த டியூஷன் சென்டர் மாடியில் நீங்கள் பதினோரு பேர் என் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். பாட்டு எழுத வேண்டும் என்று வந்தவர்கள். இரண்டு மணி நேரம் சந்தம் பற்றியும் எதுகை பற்றியும் பேசினேன். கடைசியில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், டம்மி எழுதும்போது வாய்க்கு வர்றத அப்படியே எழுதலாமா?" என்று கேட்டாள். "தாராளமா எழுதுங்க. டம்மியை யார் பார்க்கப்போறாங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போதே அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது தவறு. தவறு என்று தெரிந்தே சொன்னேன். உங்கள் முன்னால் நல்ல பெயரோடு மாடிப்படி இறங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

டம்மி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கையிலும் இது கிடைக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். மெட்டு முதலில் வந்துவிடும். வார்த்தை இன்னும் வந்திருக்காது. மெட்டின் அளவு மறந்துபோகாமல் இருக்க, அதே நீளத்தில் ஏதோ ஒரு வரியைப் போட்டுப் பாடி வைப்போம். அர்த்தம் இருக்கத் தேவையில்லை. நான் இட்லி மாவு, கரண்ட் பில், எதிர்வீட்டு நாய் என்று எதையெல்லாமோ போட்டுப் பாடியிருக்கிறேன். உண்மையான வரி வந்ததும் டம்மி போய்விடும். போய்விட வேண்டும்.

இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருந்தேன். மெல்லிசைக் குழுக்களில் பாடினேன், பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு எழுதினேன், அம்மன் கோயில் கேசட்டுகளுக்கு எழுதிப் பாடினேன். கடைசிப் பத்து வருடம் பெரும்பாலும் கடை விளம்பரங்கள். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஒரு காலத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் என் குரலில் யாராவது எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது என் மகள் யமுனா பத்தாம் வகுப்பு. அவளுடைய வகுப்புத் தோழி மேகலா. பம்மலிலிருந்து வருகிற பெண். அவளுடைய அம்மா செல்வி ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். மேகலாவுக்குத் திக்கும். வகுப்பில் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலையும் தெரியாது என்று தலையசைத்துவிடுவாள் என்று யமுனா சொல்லியிருக்கிறாள். போன் என்றால் இன்னும் பயம். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் போன் செய்வாள். தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் போன். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே நின்று, "ஆன்ட்டி, நான் மே... மே... மேகலா" என்று சொல்லி முடிப்பாள். நான் "சொல்லுடா கண்ணு" என்பேன். ஒரு நாள் செல்வியே என்னிடம் சொன்னார்: "வேற யாருக்கும் போன் பண்ணாது மேடம். உங்க வூட்டுக்குன்னா மட்டும் தானா காசு எடுத்துகினு ஓடுது."

அந்தக் குரலை என் காது எப்படி எடுத்துக்கொண்டது என்பதை உங்களிடம் மறைக்க முடியாது. உங்கள் காதும் அப்படித்தான் இருக்கும். இரண்டு நெடில், ஒரு சிறு நிறுத்தம், பிறகு முழுப் பெயர். தா, தா, தானனா. அவள் தவித்துக்கொண்டிருந்தாள். நான் தாளம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள். குரோம்பேட்டையில் எடிசனின் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் ஒரே ஒரு அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். எடிசன் கீபோர்டும் வாசித்து ரெக்கார்டிங்கும் செய்வான். தாம்பரத்தில் ஒரு புடவைக் கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம். முதலாளியே வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை ஆறு ஆட்டோக்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். மணி நான்கு. நான் எழுதிப்போன மூன்று பல்லவிகளையும் கேட்டுவிட்டு அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"நல்லாதான் கீது மேடம். ஆனா வாய்ல ஒட்டலியே."

எடிசன் மெட்டை மாற்றி வாசித்தான். புது மெட்டு. அளவு மறக்காமல் இருக்க நான் வாய்க்கு வந்ததைப் பாடினேன்.

"மே மே மேகலா, கடைக்குள்ள எத்தனை கலர் பாரு கலகலா..."

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நில்லுங்க, நில்லுங்க. இப்ப இன்னா பாடினீங்க?"

"அது டம்மி சார். வரி இனிமேதான் எழுதணும்."

"டம்மியாவது மம்மியாவது. அதான் பாட்டு. இன்னொருவாட்டி பாடுங்க."

பாடினேன். எடிசன் சிரித்துக்கொண்டே கேட்டான், "யாரு மேடம் மேகலா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் கேட்டது சாதாரணக் கேள்வி. "என் பொண்ணோட பிரெண்டு, திக்கித் திக்கிப் பேசுவா, அது வேணாம்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான், "யாருமில்ல, சும்மா சந்தத்துக்கு வந்தது" என்றேன்.

அதோடும் நிற்கவில்லை. என் முகத்தில் எதைப் பார்த்தானோ, எடிசனே ஒரு வழி காட்டினான். "வேணும்னா கோகிலான்னு வெச்சுக்கலாமா? கோ கோ கோகிலா. அளவும் சரியா நிக்குது."

"கோ கோன்னா கோழியக் கூப்புடுற மாதிரி கீதுப்பா" என்றார் முதலாளி.

நானும் சேர்ந்துகொண்டேன். "மேன்னு சொல்லும்போது உதடு ஒட்டித் திறக்கும் எடிசன். கேக்கிறவங்க வாயும் கூடவே அசையும். கோவில அது வராது" என்று பாடமே எடுத்தேன். என் தொழில் அறிவு முழுவதையும் அந்த ஒரு எழுத்தைக் காப்பாற்றச் செலவழித்தேன். கோழியைப் பற்றிச் சிரித்த மூன்று பெரியவர்களில் ஒருவருக்கும் ஆடு ஞாபகம் வரவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பாடி முடித்துவிட்டேன். பெயரில் வரும் திக்கலைக் கொஞ்சம் கொஞ்சலாகப் பாடியிருந்தேன். அதுதான் எல்லோருக்கும் பிடித்தது.

மறுநாளிலிருந்து பாட்டு தெருவில் இருந்தது. கேபிள் சேனலில் செய்திக்கு முன்னும் பின்னும் வந்தது. காய்காரம்மா தராசைப் பிடித்துக்கொண்டே, "இன்னா மேடம், மே மே மேகலா உங்க பாட்டாமே? எங்கூட்டு வாண்டு சோறு துன்ன மாட்டேங்குது, அதையே பாடிகினு கீது" என்றார். அரைக் கிலோ கத்தரிக்காயோடு நான் மிதந்து வீடு வந்தேன்.

நான்காவது நாள் யமுனா பள்ளிவிட்டு வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள்.

"அம்மா, அந்தப் பேரு எங்கேருந்து வந்தது?"

"எது?"

"உன் பாட்டுல."

"பேருன்னா ஒரு பேரு. ஊர்ல எத்தனை மேகலா இருக்காங்க."

"ஊர்ல எத்தனை மே மே மேகலா இருக்காங்க?"

நான் அதட்டினேன். அம்மாவின் வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும், சந்தம் என்றால் என்ன தெரியுமா என்றெல்லாம் கேட்டேன். அவள் போய்ப் பையைக் கழற்றி வைத்தாள். சாப்பிடும்போது துண்டு துண்டாகச் சொன்னாள். வருகைப் பதிவில் மேகலாவின் பெயரைக் கூப்பிட்டதும் பின் வரிசைப் பையன்கள் ஆடு போலக் கத்துகிறார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் கத்திவிடுகிறார்கள். இன்று காலை அவள் மேசை மேல் ஒரு கொத்து இலை வைத்திருந்தார்கள்.

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"டீச்சரும் சிரிச்சிட்டாங்கம்மா. அப்புறம்தான் திட்டினாங்க."

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மேகலா பள்ளிக்கு வரவில்லை. யமுனா தினமும் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் என்ன செய்தேன் என்றால், காலண்டரைப் பார்த்தேன். ஆடி முடிந்தால் தள்ளுபடி முடியும், தள்ளுபடி முடிந்தால் பாட்டு முடியும் என்று எண்ணினேன். ஒரு பெண் பத்தாம் வகுப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் ஆவணிக்காகக் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலிலேயே நின்று புடவை முனையை விரலில் சுற்றினார்.

"மேடம், ஒரு ஒதவி. நம்ம பொண்ணு பத்து நாளா இஸ்கோலுக்குப் போவ மாட்டேன்னுது. கேட்டா, அந்தக் கடைப் பாட்டு என்னப் பத்திதாம்மா, ஆன்ட்டி என்னப் பார்த்துதான் எய்திக்கிறாங்கன்னுது. உன்ன வெச்சுப் பாட்டு எய்த நீ இன்னா பெரிய இவளான்னு ரெண்டு அறை வுட்டேன். அப்பவும் அதையேதான் சொல்லிகினு கீது. நேத்தும் அடிச்சேன் மேடம். நீங்க ஒரு தபா வந்து, அப்படியில்லன்னு சொல்லிட்டா அடங்கிடும். நீங்கன்னா அதுக்கு உசுரு."

உள்ளறை வாசலில் நின்று யமுனா கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் வரேன்" என்றாள்.

பம்மல் போகிற ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு எதிரே செல்வி உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாமல் யமுனா கேட்டாள், "என்ன சொல்லப்போற?"

"போய்ப் பார்க்கலாம்."

ஆனால் நான் ஏற்கனவே தயாராக இருந்தேன். வரிகளை ஒழுங்குபடுத்துவதுதானே என் வேலை. பாட்டில் வருவது வேறு மேகலா. பழைய காலத்துப் பெயர், புடவைக் கடைக்குப் பொருத்தமான பெயர். உன்னை நினைத்தால் நான் அப்படி எழுதுவேனா? இந்த வரிசையில்.

ஒரு தோல் பட்டறைக்குப் பின்னால் அவர்களுடைய அறை. மேகலா பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். யமுனா கொடுத்தனுப்பிய நோட்டு. கன்னத்தில் அடையாளம் எதுவும் இல்லை. நான் முதலில் அதைத்தான் தேடினேன். செல்வி ஸ்டவ்வில் டீ வைத்தார். நான் தயாரித்த மூன்று வரிகளையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். குரல் எங்கேயும் பிசிறவில்லை.

"கேட்டுக்கினியா?" என்றார் செல்வி.

மேகலா நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நா... நான்தான் தப்பா கேட்டுட்டேன் போல" என்றாள். "சா... சாரி ஆன்ட்டி."

வேலை முடிந்தது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போவாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. செல்வி டம்ளரை என் கையில் கொடுத்தார். யமுனா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அப்போதுதான் நான் சொன்னேன். இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் அங்கே நின்றதால் சொன்னேன். தனியாகப் போயிருந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

"மேகலா, அது நீதான். நீ போன்ல பேர் சொல்றதத்தான் நான் எடுத்தேன். நீ சரியாத்தான் கேட்டிருக்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "சொ... சொன்னேன்ல?"

செல்வி என்னிடம் சொன்னார், முதல்முறையாக 'நீ' என்று. "நீ எய்தின. நான் அட்சேன்." ஸ்டவ்வை அணைத்தார். "டீய வெச்சுட்டுப் போ."

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கெட்டவர் இல்லை. "எனக்கும் பொண்ணு கீது மேடம்" என்றார். ஆனால், "பாட்டு இன்னா லைட்டா, ஸ்விச்ச அமுக்குனா அணையறதுக்கு? ஆட்டோல இருக்கிறத நிறுத்தலாம். செல்போன்ல இருக்கிறத இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். பையன்கள் அதற்குள் புளூடூத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பி முடித்திருந்தார்கள்.

அன்று மாலையே எடிசன் ஸ்டுடியோவைத் திறந்தான். ஒரு மணி நேரத்தில் கோகிலா என்று மாற்றிப் பாடினேன். கேட்டுப் பார்த்தோம். எந்தக் குறையும் இல்லை. கோ சரியாகவே உட்கார்ந்தது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் இனிமையாக இருந்தது. எடிசன் என் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டினான். "அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாம் மேடம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாளிலிருந்து ஆட்டோக்களில் கோகிலா வந்தாள். பள்ளியில், மேகலா வராத நாளிலும் அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழும் ஆட்டுக் கத்தல் நிற்கவில்லை. கத்துவதற்குப் பாட்டு தேவையில்லை என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நான் தலைமை ஆசிரியையிடம் பேசுகிறேன் என்று யமுனாவிடம் மேகலாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "வேணாமாம். நீ வந்து பேசினா இன்னும் பெரிசாயிடுமாம்" என்று பதில் வந்தது. மேகலா அந்த வருடம் பள்ளிக்குத் திரும்பவில்லை. திருமுடிவாக்கத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஜூனில் அங்கே வேறு பள்ளியில் மறுபடியும் பத்தாம் வகுப்பு சேர்ந்தாள். என் பாட்டின் ஆயுள் ஐந்து வாரம். தீபாவளிக்குக் கடைக்கு வேறு பாட்டு வந்துவிட்டது. அவளுக்குப் போனது ஒரு வருடம்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் எழுதினேன். ஒவ்வொரு டம்மி வரியையும் போட்டுவிட்டு, இது எங்கிருந்து வந்தது, யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பேன். மெட்டு போய்விடும். அப்படித்தான் நிறுத்தினேன். யமுனா இப்போது கல்லூரியில் முதல் வருடம். போன் வந்தால் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். அவள் கீழே இறங்கி வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை. யாரோடு பேசுகிறாள், ஏதாவது கஷ்டமா என்று கேட்க நினைக்கிறேன். கேட்கும் உரிமையை எங்கே விட்டேன் என்று ஞாபகம் வருகிறது.

உங்கள் காதை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. மூடினால் இந்தத் தொழில் இல்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்பதெல்லாம் உள்ளே போகட்டும். ஆனால் ஒரு வரி வந்ததும் அறையில் யாராவது "இது யாரு?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆள் இப்போது கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றால், அவர் முகத்தைப் பார்த்து இதைப் பாட முடியுமா? முடியாது என்றால் வேறு வார்த்தை தேடுங்கள். இருக்கும். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவே கிடைக்காது என்று உங்கள் மனது வாதாடும். என்னுடையதும் வாதாடியது. உதடு ஒட்டுவதைப் பற்றியெல்லாம் பேசியது.

இதை எழுதலாமா என்று மேகலாவிடம் கேட்கச் சொல்லி யமுனாவைக் கேட்டேன். அவள் நம்பரை எழுதி மேசையில் வைத்தாள். "நீயே கேளு."

இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். "ஹலோ" என்றாள். நான் யாரென்று சொன்னேன். பதில் வரவில்லை. முன்பெல்லாம் அவள் இப்படி நின்றால் அடுத்த வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். உதவி என்று நினைத்து. இந்த முறை பேசாமல் இருந்தேன்.

"சொ... சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். புதிதாகப் பாட்டு எழுத வருகிறவர்களுக்காக, நான் செய்ததை எழுத வேண்டும் என்றேன். பிளஸ் டூ படிக்கிறாளாம். பின்னால் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

"பே... பேரு போடுவீங்களா?"

"இல்லம்மா. மாத்திடறேன். வேற ஏதாவது பேர் வெச்சிடறேன்."

"மாத்தாதீங்க" என்றாள். திக்காமல் வந்தது. அடுத்தது திக்கியே வந்தது. நான் முழுவதும் கேட்டேன். "மா... மாத்தினீங்கன்னா, ம... மறுபடியும் அது நான் இல்லன்னு ஆயிடும்."